புலிக்குப் புளியங்கொட்டை

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் கடலோரமாகவே நகர்ந்துகொண்டு மழையைக் கொட்டித் தீர்த்தது. அம்பத்தூர் எஸ்டேட் தண்ணீரில் நின்றது. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல். கரண்ட் இல்லை, வீட்டுக் கைப்பேசிகள் ஒவ்வொன்றாக உயிரை விட்டன. படகு வருமா என்று மாடிக் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்த என் ஆறு வயது மகளிடம் என் அம்மா கேட்டார்: “படகு வந்தா மொதல்ல யாரை ஏத்துவாங்க, சொல்லு?” பேச்சு அங்கிருந்து ஓடக்காரர் கணக்குக்குப் போய்விட்டது.

கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். ஓடக்காரர் ஒருவர் ஒரு புலி, ஓர் ஆடு, ஒரு புல்லுக்கட்டு மூன்றையும் அக்கரை சேர்க்க வேண்டும். ஓடத்தில் அவரோடு இன்னும் ஒன்றுக்குத்தான் இடம். அவர் இல்லாத கரையில் புலியும் ஆடும் நின்றால் ஆடு போச்சு. ஆடும் புல்லும் நின்றால் புல் போச்சு. ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அல்குயின் என்ற அறிஞரின் பெயரில் வழங்கும் ஐரோப்பியக் கணக்குத் தொகுப்பு ஒன்றிலும் இதே புதிர் இருக்கிறது. அங்கே ஓநாய், ஆடு, முட்டைக்கோசு. ஆட்டுக்கு முட்டைக்கோசைவிடப் புல்லுக்கட்டுதான் பொருத்தம் என்பது என் அம்மாவின் கட்சி.

மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்தோம். மகள் சமையலறைக்குப் போய்ச் சாமான்கள் எடுத்துவந்தாள். புலிக்குப் புளியங்கொட்டை. (“புலி, புளி, ரெண்டும் ஒண்ணுதான்” என்றாள். அவளுக்கு ல, ள இரண்டும் இன்னும் பிரிபடவில்லை.) ஆட்டுக்கு வெள்ளைக் கொண்டைக்கடலை, புல்லுக்குக் கறிவேப்பிலை, ஓடத்துக்குத் தீப்பெட்டி. தரையில் இரண்டு டைல்ஸ் சேரும் கோடுதான் ஆறு.

எட்டாவது படிக்கும் மகன் முதலில் ஆட்டைக் கொண்டுபோனான். எல்லாரும் அப்படித்தான் தொடங்குவோம். வேறு வழியும் இல்லை. திரும்பி வந்து புல்லை ஏற்றினான். அக்கரையில் இறக்கப் போனவன் நின்றுவிட்டான். புல்லை ஆட்டோடு விட முடியாது. புல்லுக்குப் பதில் புலியை ஏற்றியிருந்தாலும் இதே கதைதான். பத்து நிமிடம் முட்டி மோதிவிட்டு, “ஆயா, இது தப்புக் கணக்கு” என்றான். எனக்கு விடை தெரியும். வாய் துறுதுறுத்தது. அம்மா என் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, “நீ கம்முனு இரு” என்றார்.

அந்த நேரத்தில் மகள் தீப்பெட்டியை இழுத்து, கறிவேப்பிலையை அக்கரையில் இறக்கி, கொண்டைக்கடலையை வைத்து இக்கரைக்குத் தள்ளினாள். கணக்குப் போட்டுச் செய்யவில்லை. “ஆட்டுக்கு அங்க போரடிக்குது” என்பதுதான் அவள் சொன்ன காரணம். அண்ணன்காரன் பார்த்தான். “ஏய், ஏய், அப்படியே வை! எடுக்காத!” என்று கத்தினான். அடுத்த அரை நிமிடத்தில் புலி அக்கரை போனது, ஓடம் காலியாகத் திரும்பியது, ஆடு கடைசியாகப் போய்ச் சேர்ந்தது. மொத்தம் ஏழு பயணம்.

புதிரை விடுவித்தது யார்? விடுவிக்கும் காயை நகர்த்தியவளுக்கு அது விடை என்று தெரியாது. விடை என்று கண்டுகொண்டவனுக்கு அந்தக் காயை நகர்த்தத் தோன்றவில்லை. குடும்பமாக உட்கார்ந்து புதிர் போட்டால் என்ன நன்மை என்று கேட்பவர்களுக்கு ‘மூளை கூர்மையாகும்’ என்று ஒற்றை வரியில் பதில் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பதிலில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதைவிடச் சுவையான விஷயம் அந்தத் தரையில் நடந்தது. சாதாரணமாக மண்டைக்குள் ஒளிந்திருக்கும் யோசனை, பலருக்கு நடுவே, கண்ணால் பார்க்கும்படி, காதால் கேட்கும்படி வெளியே கிடந்தது.

முதலில், இந்தப் புதிர் ஏன் கடினம்? வாய்ப்புகள் நிறைய இருப்பதால் அல்ல. ஓடக்காரரையும் சேர்த்து நான்கு பேர். ஒவ்வொருவரும் இக்கரை அல்லது அக்கரை. எப்படி மாற்றிப்போட்டாலும் 16 விதமாகத்தான் அவர்கள் நிற்க முடியும். ஒவ்வொன்றையும் ஒரு ‘நிலை’ என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் ஆறு ஆபத்தான நிலைகள்: யாரோ யாரையோ தின்றுவிடுவார்கள். மிச்சம் பத்து. இந்தப் பத்தையும் காகிதத்தில் புள்ளிகளாக வைத்து, ஒரே ஓட்டத்தில் எதிலிருந்து எதற்குப் போகலாம் என்று கோடு இழுத்தால் ஒரு வரைபடம் கிடைக்கும். கணினி அறிவியலில் இதற்கு ‘ஸ்டேட் ஸ்பேஸ்’ என்று பெயர். தமிழில் நிலைவெளி எனலாம்.

இந்தப் புதிரின் நிலைவெளி பார்க்க ஏரியில் போய் முட்டும் சாலை போல இருக்கும். மூன்று நிறுத்தம் வரை ஒரே சாலை. பிறகு ஏரி வந்துவிடும். இடக்கரை வழியாகவும் போகலாம், வலக்கரை வழியாகவும் போகலாம். கரைக்கு இரண்டு நிறுத்தம். மறுபுறம் இரண்டும் சேர்ந்து மீண்டும் ஒரே சாலை, மூன்று நிறுத்தம். அவ்வளவுதான் வரைபடம். முட்டுச்சந்துகூட ஒன்றும் இல்லை. இதில் போய்த் தொலைந்துபோவது எப்படி?

தொலைவது சாலையின் கோளாறால் அல்ல, நாம் தூரத்தை அளக்கும் முறையால். ‘எத்தனை சாமான் அக்கரை போயிற்று?’ என்று மனம் எண்ணிக்கொண்டே இருக்கிறது. ஆட்டைத் திரும்ப ஏற்றினால் அந்த எண்ணிக்கை குறைகிறது. குறையும் எதையும் மனம் தோல்வி என்று கணக்கு வைக்கிறது. எப்போதும் மேல்நோக்கியே அடி வைக்கும் இந்தப் பழக்கத்தை ஆய்வாளர்கள் மலையேற்ற உத்தி என்பார்கள். பனிமூட்டத்தில் மலை ஏறுகிறவர் ‘மேடாக இருக்கும் பக்கம்தான் காலை வைப்பேன்’ என்று பிடிவாதம் பிடித்தால் ஏதோ ஒரு சின்னக் குன்றின் உச்சியில் போய் மாட்டிக்கொள்வார். அம்பத்தூரில் ரயில் ஏறிச் சென்ட்ரல் போகிறவர்கள் சிலர் முதலில் எதிர்த்திசையில் ஆவடிக்குப் போய், அங்கிருந்து புறப்படும் வண்டியில் உட்கார இடம் பிடித்து வருவார்கள். புதிதாகப் பார்ப்பவருக்குப் பைத்தியக்காரத்தனம். ஆட்டைத் திரும்பக் கொண்டுவருவதும் அதே மாதிரிதான்.

இது வெறும் ஊகம் அல்ல. 1974இல் ஜான் தாமஸ், ஜேம்ஸ் கிரீனோ என்ற இரு உளவியலாளர்கள் இந்தப் புதிரின் ஒன்றுவிட்ட தம்பி ஒன்றைத் தனித்தனியே ஆராய்ந்தார்கள். நல்லவர் மூவர், பொல்லாதவர் மூவர், இருவர் ஏறும் ஓடம். எந்தக் கரையிலும் பொல்லாதவர் எண்ணிக்கை கூடிவிடக் கூடாது. ஒவ்வொரு நகர்விலும் ஆட்கள் எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள், எங்கே தவறுகிறார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அக்கரை சேர்த்த இருவரை இக்கரைக்கே திரும்பக் கூட்டிவர வேண்டும். அங்கே தடுமாற்றம் கூடியது. போகக்கூடிய வழிகள் அங்கே மற்ற இடங்களைவிட அதிகமும் இல்லை.

என் மகளுக்கு இந்தத் தடுமாற்றம் ஏன் வரவில்லை? அவள் எதையும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. ஆட்டுக்குப் போரடித்தது, கூட்டிவந்தாள்.

அந்தக் கொண்டைக்கடலையும் கறிவேப்பிலையும் வெறும் விளையாட்டுச் சாமான்கள் என்றும் நினைக்க வேண்டாம். நாம் ஒன்றை யோசிக்கும்போது அந்த நேரத்துக்கு மட்டும் சில தகவல்களை மனத்தில் ஏந்திக்கொண்டிருக்கிறோம். இதற்குச் செயல் நினைவு என்று பெயர். ஃபிளாட் வீட்டுச் சமையல் மேடையை நினைத்துக்கொள்ளுங்கள். அடுக்களை அலமாரியில் நூறு பாத்திரம் இருக்கலாம். மேடையில் ஒரே நேரத்தில் வைத்து வேலை பார்க்க இடம் நாலுக்குத்தான். நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் 2001இல் பல சோதனைகளை ஒன்றுதிரட்டிப் பார்த்துச் சொன்ன எண்ணும் ஏறத்தாழ அதுவே: நான்கு. ஓடக்காரர் புதிரிலேயே நான்கு பேர் வந்துவிட்டார்கள். யாரை யாரோடு விடக்கூடாது என்ற விதிகளை எங்கே வைப்பது? மேடை நிரம்பி வழிகிறது. யார் எந்தக் கரையில் என்பதைத் தரையில் வைத்துவிட்டால் மேடை காலியாகிறது. விதியை ஆயா நினைவில் வைத்துக்கொண்டு, “டேய், புல்லு போச்சு!” என்று அவ்வப்போது குரல் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் காலியாகிறது. நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் நான்கு சமையல் மேடைகளை ஒட்டிப் போட்டதுபோல ஆகிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். நான்கு பேர் சேர்ந்தால் அதில் ஒரு கெட்டிக்காரர் இருக்க வாய்ப்பு அதிகம். அவர் விடை சொல்கிறார், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். இதற்கு ஏன் ‘கூட்டு யோசனை’ என்று பெரிய பெயர்?

இந்த ஆட்சேபத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1932இல் மார்ஜரி ஷா என்ற ஆய்வாளர் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த புதிர்களிலும் ஆறு கடக்கும் புதிர்கள் இருந்தன. சிலர் தனியாக, சிலர் நால்வர் குழுவாக. குழுக்களே அதிகம் விடுவித்தன. ஒருவர் தப்பாகச் சொல்வதை அவரே கண்டுபிடிப்பது அரிது, பக்கத்தில் இருப்பவர் சட்டென்று பிடித்துவிடுகிறார் என்று காரணம் சொன்னார். 1955இல் இர்விங் லார்ஜ், ஹெர்பர்ட் சாலமன் இருவரும் மேலே சொன்ன ஆட்சேபத்தைக் கணிதமாகவே எழுப்பினார்கள். நால்வர் குழுவைத் தனி ஆளோடு ஒப்பிட்டது தவறு. தனித்தனியே போட்ட நால்வரில் சிறந்தவரோடு ஒப்பிட்டிருக்க வேண்டும் என்றார்கள். சரியான அடி.

அந்த ஒப்பீட்டை ஒழுங்காகச் செய்துகாட்டியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்ரிக் லாஃப்லின். 2006இல் அவரும் சகாக்களும் 760 மாணவர்களுக்குக் கொடுத்தது ஒரு சங்கேதப் புதிர். பத்து எழுத்துகள் பத்து இலக்கங்களைக் குறிக்கும். எது எது என்று தெரியாது. எழுத்துகளைக் கூட்டிப் பார், கழித்துப் பார், விடை எழுத்தாகவே வரும். அதை வைத்து ரகசியத்தைப் பிடி. மூவர், நால்வர், ஐவர் குழுக்கள், அதே எண்ணிக்கையில் தனியாகப் போட்டவர்களில் முதலாவதாக வந்தவரையும் தாண்டின. ஆனால் இருவர் குழு தாண்டவில்லை. இருவரில் கெட்டிக்காரர் அளவுக்குத்தான் வந்தது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஏதோ நடக்கிறது. தம்பதி மட்டும் உட்கார்ந்து புதிர் போட்டால் பலன் அவ்வளவில்லை, மாமியாரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று இதற்கு நானாகப் பொழிப்புரை எழுதிக்கொள்கிறேன். சோதனைக்கு வந்தவர்கள் கல்லூரி மாணவர்கள், குடும்பங்கள் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எல்லாக் கூட்டு வேலைக்கும் இது பொருந்தாது. புதிருக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. விடையைக் கண்டுபிடிப்பது கடினம், விடைதானா என்று பார்ப்பது எளிது. பெரிய சாவிக்கொத்தில் பீரோ சாவி எது என்று தேடுவது பெரும்பாடு; ஆனால் சரியான சாவி பூட்டில் திரும்பியதும் வீட்டில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. சொன்னவர் வயதில் சிறியவரா, சம்பாதிக்காதவரா என்பதெல்லாம் அங்கே எடுபடாது. வீட்டு முடிவுகளில் பெரும்பாலானவை இப்படி இல்லை. மகனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, பூந்தமல்லியில் மனை வாங்கலாமா என்பதற்கெல்லாம் பூட்டில் திரும்பும் சாவி கிடையாது. அங்கே குரல் பெரிதாக இருப்பவர் ஜெயிப்பார். புதிரில் மட்டும் ஆறு வயதுக்காரியின் கொண்டைக்கடலை ஜெயிக்கும்.

அம்மா என் தொடையில் தட்டியதற்கு வருகிறேன். அதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது என்று பிறகு படித்தபோது அம்மாவின் மேல் மரியாதை கூடியது. 1976இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். 3, 4, 5 வயதுக் குழந்தைகள் 30 பேர்; 21 மரக்கட்டைகளைச் சரியாகப் பொருத்தினால் ஒரு பிரமிடு உருவாகும். பக்கத்தில் ஓர் ஆசிரியை. அவர் எப்போது உதவினார், எப்படி உதவினார் என்பதே ஆய்வு. அந்த உதவிக்கு அவர்கள் வைத்த பெயரை அழகான தமிழில் சொல்ல நமக்கு வார்த்தை தயாராக இருக்கிறது: சாரம். கட்டடத்துக்குக் கட்டும் சாரம்தான். ஆவடி, திருமுல்லைவாயல் பக்கம் தெருவுக்கு ஒரு வீடு எழும்பிக்கொண்டே இருப்பதால் நம் குழந்தைகள்கூடப் பார்த்திருப்பார்கள். சாரம் சுவரைத் தாங்குவதில்லை. ஆள் எட்டாத உயரத்தில் நின்று தன் கையாலேயே சுவரைக் கட்டுவதற்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். சுவர் எழும்ப எழும்ப அதை மேலே மாற்றிக் கட்டுவார்கள். பூச்சு முடிந்தால் அவிழ்த்துவிடுவார்கள்.

உதவியில் படிகள் உண்டு என்று வுட் பின்னாளில் விரித்துச் சொன்னார். ‘வேற எப்படி வெக்கலாம்?’ என்று பொதுவாகத் தூண்டுவது முதல் படி. ‘பெரிய கட்டையைப் பாரு’ என்பது அடுத்தது. பிறகு கட்டையைச் சுட்டிக்காட்டுவது. பிறகு கட்டையைச் சரியான பக்கம் திருப்பிக் கையில் தருவது. கடைசியாகத்தான் செய்தே காட்டுவது. குழந்தை தடுமாறினால் ஒரு படி உதவியைக் கூட்டு. சரியாகச் செய்தால் உடனே ஒரு படி குறை. கேட்க எளிது. செய்துபார்த்தால்தான் தெரியும், நம்மில் பெரும்பாலோர் முதல் படியிலிருந்து நேரே கடைசிப் படிக்குத் தாவுகிறோம். என் மனைவி இதில் என்னைவிடப் பொறுமைசாலி. நான் விடையைச் சொல்லி முடித்துவிட்டு ‘புரிஞ்சுதா?’ என்று கேட்கும் ரகம்.

அந்த 1976 கட்டுரையில் ஒரு வரி என்னை நிறுத்தியது. தானாகக் கட்ட முடியாத சின்னக் குழந்தைகளும், சரியாகப் பொருந்திய கட்டையைப் பார்த்தால் சரி என்று கண்டுகொள்கிறார்களாம். செய்யத் தெரியும் முன்பே அடையாளம் காணத் தெரிந்துவிடுகிறது. சாவிக்கொத்துக் கதைதான். குழந்தையைப் பெரியவர்களோடு உட்காரவைப்பது வீண் போகாததற்கு இது ஒரு காரணம். கையில் வராதது கண்ணில் பட்டுக்கொண்டிருக்கிறது.

கேட்பதற்கு ஆள் இருப்பதும் ஒரு வகைச் சாரமே. 2008இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பெத்தனி ரிட்டில்-ஜான்சனும் சகாக்களும் 4, 5 வயதுக் குழந்தைகளுக்கு வண்ண வண்ணப் பிளாஸ்டிக் பூச்சிகளை வரிசையாக வைத்து, அடுத்து எது வரும் என்று கேட்டார்கள். ஒரு பிரிவுக் குழந்தைகள் சரியான விடையைச் சும்மா திருப்பிச் சொன்னார்கள். இன்னொரு பிரிவு ஏன் அது விடை என்று தனக்குத்தானே விளக்கியது. மூன்றாவது பிரிவு அதே விளக்கத்தைத் தன் அம்மாவிடம் சொன்னது. அம்மாக்கள் உதவக் கூடாது, கேட்டுக்கொண்டிருக்க மட்டும் செய்யலாம். பின்னர் சற்றே மாறுபட்ட, கடினமான புதிர்களைக் கொடுத்தபோது அம்மாவிடம் விளக்கிய குழந்தைகளே முந்தினார்கள். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டாள்.

எல்லாருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை, அதையும் சொல்ல வேண்டும். 1914 டிசம்பரில் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் புள்ளியியலாளராகப் பெயர்பெற்ற மகலனோபிஸ், ‘ஸ்ட்ராண்ட்’ பத்திரிகையில் வந்த ஒரு புதிரை நண்பரான கணித மேதை ராமானுஜனிடம் படித்துக்காட்டினார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று எண். ஒரு வீட்டுக்கு இப்பக்கம் உள்ள எண்களின் கூட்டும் அப்பக்கம் உள்ள எண்களின் கூட்டும் சமம். தெருவில் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள் வீடுகள். அது எத்தனையாம் வீடு? எட்டே வீடுள்ள சின்னத் தெருவென்றால் ஆறாம் எண் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்: ஒன்று முதல் ஐந்து வரை கூட்டினால் 15, ஏழும் எட்டும் 15. பெரிய தெருவுக்கு விடை 288 வீடுகளில் 204. மகலனோபிஸ் சில நிமிடம் முட்டிப் பார்த்து விடையைப் பிடித்துவிட்டார். வாணலியில் காய்கறி கிளறிக்கொண்டிருந்த ராமானுஜனோ எந்தத் தெருவுக்கும் பொருந்தும்படி ஒரு தொடர்பின்னத்தை (பின்னத்துக்குள் பின்னமாக நீண்டுகொண்டே போவது) எழுதிக்கொள்ளச் சொன்னார். எப்படி வந்தது என்றால், கேட்டதுமே விடை தொடர்பின்னமாகத்தான் இருக்கும் என்று தெரிந்துவிட்டதாம். நமக்கு அப்படித் தெரியப்போவதில்லை. நாம் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டுதான் ஆக வேண்டும். (‘பழைய எண் 14, புதிய எண் 37’ என்று பலகை தொங்கும் எங்கள் பக்கத் தெருக்களில் இந்தப் புதிரைப் போட ராமானுஜனாலும் முடியாது.)

படத்துண்டுப் புதிர் பற்றித்தான் பெற்றோர் அதிகம் கேட்கிறார்கள். ஜிக்சா வாங்கிக் கொடுத்தால் கணக்கு வருமா? இதில் அடிக்கடி சுட்டப்படுவது சிகாகோ பல்கலைக்கழகத்தின் சூசன் லெவின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு. 53 குழந்தைகளின் வீடுகளுக்கே போய், இரண்டு வயது தாண்டியதிலிருந்து நான்கு வயது நெருங்கும் வரை, நான்கு மாதத்துக்கு ஒருமுறை, ஒன்றரை மணி நேரம் படம் பிடித்தார்கள். ‘வழக்கமாக என்ன செய்வீர்களோ செய்யுங்கள்’ என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை. ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் ஒருமுறையாவது படத்துண்டுகளோடு விளையாடியது பதிவானது. நாலரை வயதில் எல்லாருக்கும் ஒரு சோதனை: இந்த இரண்டு துண்டுகளைத் திருப்பிச் சேர்த்தால் எந்த வடிவம் வரும்? புதிர் விளையாடியவர்கள் மேலாகச் செய்தார்கள். அடிக்கடி விளையாடியவர்கள் இன்னும் மேல்.

கவனிக்க வேண்டும்: இது உடன்நிகழ்வு. புதிர்தான் காரணம் என்று இதிலிருந்து மட்டும் சொல்ல முடியாது. வடிவங்களில் இயல்பாகவே நாட்டமுள்ள குழந்தை புதிரைத் தேடிப் போயிருக்கலாம். பெற்றோரின் படிப்பு, வருமானம், மொத்தத்தில் வீட்டில் எவ்வளவு பேசுகிறார்கள் என்பதையெல்லாம் கழித்துப் பார்த்த பிறகும் தொடர்பு மிஞ்சியது என்பதால்தான் இதைப் பொருட்படுத்துகிறோம். இன்னொன்றும் தெரிந்தது. ஆணும் பெண்ணும் ஒரே அளவுக்குப் புதிர் விளையாடினார்கள். ஆனால் பையன்களுக்குக் கிடைத்த புதிர்கள் கடினமானவை, அவர்களோடு பெற்றோர் காட்டிய ஈடுபாடும் கூடுதல். ‘ஓரம்’, ‘மூலை’, ‘தலைகீழாத் திருப்பு’, ‘வளைஞ்ச பக்கம்’ போன்ற இடச்சொற்கள் பையன்கள் காதில் அதிகம் விழுந்தன. சிகாகோவில் மட்டும் அப்படி என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசைதான்.

பெரியவர்களுக்கு என்ன பலன்? அம்மாவுக்கு 71 வயது. ‘தினம் புதிர் போட்டால் ஞாபகமறதி வராது’ என்று ஃபார்வர்டு செய்திகள் அவருக்கும் வருகின்றன. ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகத்தில் 50 வயது தாண்டிய 100 பேரை வைத்து நடந்த சோதனை 2018இல் வெளியானது. ஒரு பாதியினர் 30 நாள், நாளுக்கு ஒரு மணி நேரமாவது ஜிக்சா போட்டார்கள். சராசரியாக ஆளுக்கு மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட துண்டுகள். மறுபாதியினர் போடவில்லை. கடைசியில் இரு பிரிவுக்கும் அறிவுத்திறனில் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. மாதம் ஒன்று போதாது போலும்.

அதே ஆண்டு ஸ்காட்லாந்தின் அபர்டீனிலிருந்து வந்த முடிவு நுட்பமானது. 1936இல் பிறந்த 498 பேர். அவர்களுக்கு 11 வயதில், 1947இல், பள்ளியில் வைத்த அறிவுச் சோதனையின் மதிப்பெண்கள் பத்திரமாக இருந்தன. அதனால் யார் எங்கே தொடங்கினார் என்பது தெரியும். 64 வயதையொட்டி அவர்களை மீண்டும் தேடிப் பிடித்து 15 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். வாழ்நாள் முழுக்க மூளைக்கு வேலை கொடுத்தவர்களுக்கும் வயதானபின் திறன் அதே வேகத்தில்தான் சரிந்தது. ஆனால் அவர்கள் சரியத் தொடங்கிய மட்டம் உயரமாக இருந்தது.

பூந்தமல்லிக்கு மேற்கே செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். முழுக் கொள்ளளவில் ஏரியின் ஆழம் 24 அடி. கோடை வெயில் எந்த ஏரியிலும் ஒரே மாதிரிதான் நீரை உறிஞ்சும். நிரம்பிய ஏரி என்பதற்காகச் சலுகை கிடையாது. ஆனால் ஜனவரியில் 22 அடியில் நின்ற ஏரி மே மாதம் என்ன ஆகும், 10 அடியில் நின்றது என்ன ஆகும்? அம்மாவிடம் இதைச் சொன்னேன். “அப்போ நான் ரொப்ப வேண்டிய காலம் போயிடுச்சுன்ற” என்று சிரித்தார். பிறகு, “ஞாபகத்துக்கா நான் கணக்குப் போடுறேன்? பசங்க பக்கத்துல உக்காருதுங்க” என்றார். ஆய்வு அட்டவணையில் இந்தக் காரணத்துக்கு நிரல் இல்லை.

கடைசியாக ஒன்று. சேர்ந்து யோசிப்பது நல்லது என்றால் எந்நேரமும் சேர்ந்தே யோசிக்கலாமா? ஈதன் பெர்ன்ஸ்டைன், ஜெஸ்ஸி ஷோர், டேவிட் லேசர் மூவரும் 2018இல் இதைச் சோதித்தார்கள். கொடுத்த புதிரைப் பால் பாக்கெட் போடுகிறவர் தினமும் விடிகாலையில் போட்டுக்கொண்டிருக்கிறார்: இத்தனை வீட்டுக்கும் போய்த் திரும்ப மிகக் குறைந்த தூரமுள்ள வழி எது? மூவர் மூவராகக் குழுக்கள். சில குழுக்களில் ஒருவர் வழியை மற்றவர் பார்க்கவே முடியாது. சிலவற்றில் எந்நேரமும் பார்க்கலாம். சிலவற்றில் விட்டுவிட்டு மட்டும். பார்க்காதவர்கள் விதவிதமாக முயன்றார்கள். ஆகச் சிறந்த வழி அவர்களில் யாருக்காவது அகப்பட்டது, ஆனால் சராசரி மோசம். எந்நேரமும் பார்த்தவர்களின் சராசரி நன்று. ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி யோசிக்கத் தொடங்கிவிட்டதால் ஆகச் சிறந்தது தப்பிப்போனது. விட்டுவிட்டுப் பார்த்தவர்களுக்கு இரண்டும் கிடைத்தன. அங்கே கெட்டிக்காரர்கள்கூடச் சுமாரானவர்களின் வழியைப் பார்த்துத் தங்கள் வழியைத் திருத்திக்கொண்டார்கள்.

இதைப் படித்த பிறகு எங்கள் வீட்டில் ஒரு விதி வந்தது. யாராவது புதிர் போட்டால் முதல் இரண்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது. என்னை மனத்தில் வைத்துத்தான் விதி.

போன பொங்கல் விடுமுறையில் மகள் மறுபடி புளியங்கொட்டையை எடுத்தாள். தீப்பெட்டியோடு மூலைக்குப் போய்த் திரும்பி உட்கார்ந்தாள். ஆடு போயிற்று. ஓடம் திரும்பியது. அடுத்து அவள் ஏற்றியது புலியை. எட்டிப் பார்த்த அம்மா, “தப்பு, தப்பு. புல்லுதான் போவணும்” என்றார். அறுபது வருடமாக அவர் சொல்லிவரும் விடையில் இரண்டாவது புல்தான். மகள் கேட்கவில்லை. புலியை இறக்கி, ஆட்டைத் திரும்ப ஏற்றி, ஆட்டை இக்கரையில் விட்டுப் புல்லை எடுத்துப்போய்ப் புலியோடு வைத்து, காலி ஓடத்தில் வந்து ஆட்டைக் கூட்டிப்போனாள். ஏழு பயணம். யாரையும் யாரும் தின்னவில்லை.

நிலைவெளி வரைபடத்தில் வந்த ஏரியின் மறு கரை. புலிக்கும் புல்லுக்கும் தங்களுக்குள் பகையில்லை, இரண்டின் சண்டையும் ஆட்டோடுதான். ஆகவே ஓடக்காரரைப் பொறுத்தவரை எது முதலில் போனாலும் ஒன்றே. நிலைவெளியை வரைந்து பார்த்தவன் நான். இரண்டு கரை உண்டென்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. புளியங்கொட்டையைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு தானே ஒருமுறை ஓட்டிப் பார்த்தார், உதடு அசைய, ஒவ்வொரு பயணமாக எண்ணிக்கொண்டு. பிறகு இன்னொரு முறை.

மறுநாள் காலை கீழ் வீட்டம்மா தண்ணீர் கேன் வாங்க வெளியே வந்தார். “யம்மா, ஓடக்காரன் கணக்குக்கு ரெண்டு வழி இருக்குது, தெரியுமா உனக்கு?” என்று மாடியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.